நஸ்தலீக் எழுத்தும் அச்சுக்கலையும்

அச்சியந்திரத்தின் வருகையோடு கையெழுத்தாளரின் காலம் முடிவுற்றது என்பது பண்பாட்டு வரலாறு எழுதுவோர் பலர் கூறும் முடிபாகும். ஐரோப்பிய அனுபவத்தினடியாகப் பிறந்த இம்முடிபு உருது மொழிக்குப் பொருந்துவதன்று. உருது நாளிதழ்கள் இருபதாம் நூற்றாண்டின் எண்பதுகள் வரையிற் கையால் எழுதப்பட்டே அச்சேறின. இதற்கு அம்மொழியினரின் பழைமைப்பற்றே காரணம் எனக் கூறி அமைவோர் உளர். நஸ்தலீக் என்னும் எழுத்தின் இயல்பை அறியாதார் கூற்று அது.

நஸ்தலீக் பதினான்காம் நூற்றாண்டளவிற் பாரசீகத்தில் உருப்பெற்றது. நூல்களைப் படியெடுக்கப் பயன்பட்ட நஸ்கு, அரச மடல்களுக்குரிய தஃலீக் ஆகிய இரண்டின் கலப்பே இது என்பதை அதன் பெயரே உணர்த்தும். தப்ரீஸ் நகரத்து மீர் அலியை இதன் தந்தையெனக் கூறுவது மரபு. கனவில் ஏவப்பெற்றுப் பறவையின் சிறகைப் பார்த்து அவர் இதனை வகுத்தார் என்னுங் கதையை வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும், எழுத்தைக் கண்டோர்க்கு அக்கதை பிறந்த காரணம் விளங்கும். குர்ஆன் பெரும்பாலும் நஸ்கிலேயே எழுதப்பட்டுவர, கவிதை நஸ்தலீக்குக்கு உரியதாயிற்று. அக்பரது அவையில் விளங்கிய காஷ்மீரத்து முகம்மது ஹுசைன் 'பொன் எழுதுகோல்' என்னும் பொருள்படும் விருதுப்பெயர் பெற்றிருந்தார். முகலாயர் வழியே இவ்வெழுத்தைப் பெற்ற உருது, அதனைக் கவிதையோடு நிறுத்தாது கடிதம், கணக்கு, செய்தி யாவற்றுக்கும் உரியதாக்கிக்கொண்டது.

இவ்வெழுத்தின் அழகும் அச்சாளரின் இடர்ப்பாடும் ஒரே இடத்திற் பிறப்பன. நஸ்தலீக்கிற் சொல் கிடைவரியிற் கிடப்பதில்லை. வலப்புறம் உயரத்தே தொடங்கி இடப்புறமாகச் சரிந்து அடிவரியை வந்தடைகின்றது. நிமிர்ந்த கோடுகள் குறுகி மெலிந்தும், கிடைக்கோடுகள் நீண்டு தடித்தும் அமையும். ஓர் எழுத்து எந்த உயரத்தில் நிற்கும் என்பதைப் பின்வரும் எழுத்துக்களே தீர்மானிக்கின்றன. அண்டை எழுத்து மாறினால் வடிவம் மாறும்; புள்ளிகளும் இடம்பெயரும். ஈய அச்செழுத்தோ நாற்புறமும் சதுரித்த துண்டு. ஒரே உயரமுடைய துண்டுகளை வரிசையாக அடுக்குவதே அச்சுக்கோப்பின் அடிப்படை. சரிந்து இறங்குஞ் சொல்லை அவ்வாறு துண்டாடினால் எஞ்சுவது நஸ்தலீக் அன்று.

முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. சார்ள்ஸ் வில்கின்ஸ் வார்த்த நஸ்தலீக் அச்செழுத்தில் 1781இற் கல்கத்தாவில் ஒரு நூல் வெளிவந்தது. 1800இல் நிறுவப்பெற்ற வில்லியம் கோட்டைக் கல்லூரியும் தன் நூல்களுக்கு இத்தகைய எழுத்தைக் கையாண்டது. வாசகர் அவற்றை விரும்பினாரல்லர். மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1912இல் 'அல்-ஹிலால்' இதழைத் தொடங்கியபோது துணிந்து நஸ்கு அச்செழுத்தைக் கைக்கொண்டார். இதழ் பெரும்புகழ் ஈட்டிற்று; அதன் எழுத்து நிலைபெறவில்லை. சொல்லின் முழுவடிவை ஒரே நோக்கிற் பற்றிப் பழகிய கண்ணுக்கு நஸ்கு வாசிப்பைத் தாமதப்படுத்துவதாயிற்று என்பதே என் கருத்து. இதனை வெறும் அழகுணர்ச்சியாகக் கொள்ளுதல் தகாது.

இந்நிலையில் உருதுவுக்கு வாய்ப்பாக அமைந்தது கல்லச்சு. 'காதிப்' எனப்படும் எழுத்தர் எண்ணெய்ப்பசை கொண்ட மையினால் தாளில் எழுத, அது கல்லிற் பதிக்கப்பட்டு நூற்றுக்கணக்கிற் படியெடுக்கப்பட்டது. 1858இல் இலக்னோவில் தோன்றிய நவல் கிஷோர் அச்சகம் இம்முறையாலேயே பேரளவில் நூல்களைப் பரப்பிற்று. கொழும்பில் 1869இல் மலாய் மொழியில், அரபெழுத்தில் வெளிவந்த 'அலாமத் லங்காபுரி' இதழும் கல்லச்சுப் பதிப்பே என்பதை ஈண்டு இடைக்குறிப்பாகச் சுட்டலாம். ஆகவே, இயந்திரம் காதிபை ஒழிக்கவில்லை. அவருக்கு முன்னில்லாத அளவு வேலையைக் கொடுத்தது. ஆனால், அந்த ஏற்பாட்டின் பாரம் சிறிதன்று. ஒரு நாளிதழின் அளவும் வேகமும் அதன் எழுத்தர்களின் விரல்களுக்குட்பட்டே நின்றன.

இக்கட்டு 1981இல் அவிழ்ந்தது. பாகிஸ்தானைச் சேர்ந்த மிர்சா அகமது ஜமீல், எழுத்துக்களைத் தனித்தனியே பிரிக்கும் முயற்சியைக் கைவிட்டார். சேர்ந்து நிற்கும் எழுத்துக் கூட்டம் ஒவ்வொன்றையும் ஒரே உருவாகக் கையால் எழுதி, மொனோரைப் நிறுவனத்தின் கணினி அச்சுக்கோப்பு யந்திரத்தின் நினைவகத்தில் சேர்ப்பித்தார். இவ்வுருக்கள் 18,000 முதல் 20,000 வரையின எனக் கணக்கிடுவர். எழுத்தணிக் கலைஞரான தம் தந்தை நூர் அகமதுவின் பெயரால் அதற்கு 'நூரி நஸ்தலீக்' எனப் பெயரிட்டார். அவ்வாண்டு லாகூரில் தொடங்கிய 'ஜங்' நாளிதழ்ப் பதிப்பு இவ்வெழுத்தைக் கொண்டு வெளிவந்தது. பின்னர் 1994இல் வந்த 'இன்பேஜ்' என்னும் கணினி மென்பொருள் அதனைச் சிற்றச்சகங்களுக்கும் கொண்டுசென்றது.

எழுத்து யந்திரத்துக்குப் பணியாமல், யந்திரம் எழுத்துக்குப் பணிந்தது எனலாம். ஆயினும், நட்டம் முழுதும் காதிப்மார் தலையில் விழுந்தது. பன்னூறு விரல்கள் செய்த தொழிலை ஒருவரது கையெழுத்து மேற்கொண்டது. நூரி தில்லிப் பாணியைத் தழுவியது. இக்பாலின் நூல்களை எழுதிய பர்வீன் ரகம் முதலியோர் வளர்த்த லாகூர்ப் பாணி அதனால் நாளிதழ்ப் பக்கங்களிற் பின்தள்ளப்பட்டது. பத்திரிகை அலுவலகங்களில் எழுத்தர் தேவையற்றோராயினர். சிலர் விளம்பரப் பலகைகளுக்கும் திருமண அழைப்பிதழ்களுக்கும் சென்றனர்.

விதிவிலக்கு ஒன்று தமிழகத்தில் இருந்தது. சென்னையில் 1927இல் தொடங்கப்பெற்ற 'முசல்மான்' என்னும் உருது நாளிதழ் இந்நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களிலும் காதிப்மாரால் எழுதப்பட்டு வந்தது. நான்கு பக்கங்கொண்ட அவ்விதழின் முதற்பக்கத்தில், பிந்திவருஞ் செய்திக்கென ஒரு மூலையை வெறுமையாக விட்டுவைப்பர்.