பதிவும் பொருத்துதலும்

மூளையை மெல்லிய சீவல்களாக அரிந்து எடுத்த படங்களை, அட்லஸ் என்னும் மூலப்படத் தொகுப்போடு மென்பொருளால் இசைவிக்கும் காரியத்தைப் 'பதிவு' என்று எழுதுகிறார்கள். எங்கள் வேலூர் வாசகருக்கோ அச்சொல்லால் பத்திரப்பதிவு அலுவலகமே நினைவில் எழும். ஆங்கில 'ரிஜிஸ்டர்', திரும்பக் கொண்டுவருதல் என்னும் லத்தீன் வினையில் பிறந்து, ஏட்டில் எழுதுதலாகி, பிற்காலத்தில் அச்சுக்கூடத்திலே ஒரு நிறத்தின்மேல் மறுநிறம் பிசகாமல் விழுவதையும் குறித்தது. படங்களுக்குரியது இந்த அச்சுக்கூட அர்த்தத்தை ஒட்டியதே. நம் 'பதிதல்' என்பதிலும் இடத்தில் அமர்தல் என்னும் பொருள் உண்டு: சேற்றில் கால் பதிகிறது, பொன்னில் மணியைப் பதிக்கிறோம். ஆயினும் வழக்கில் எழுத்துப்பதிவே மேலோங்கிவிட்டமையால், தச்சரின் பொருத்தையும் உடலின் மூட்டையும் ஒருங்கே நினைவூட்டும் 'பொருத்துதல்' என்பதையே நான் விரும்புகிறேன். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில், தைத்த மேல்தோலைக் கால்வடிவக் கட்டையின்மேல் நேராக வைத்து, பிறகு இடத்துக்கு இடம் அளவறிந்து இழுத்து அமர்த்துவதுபோல, மென்பொருளும் சீவற்படத்தை முதலில் திருப்பி நகர்த்தி, அப்பால் சுருங்கியும் கோணியும் போன பாகங்களை மாத்திரம் வளைத்து அமர்த்துகிறது. சென்னை ஐ.ஐ.டி. 2024-இல் வெளியிட்ட 'தரணி' என்னும் கருச்சிசு மூளைத் தொகுப்பில் 5,132 சீவல்கள் உள்ளன. இத்தகைய பெருமுயற்சி நம் மண்ணிலேயே நடக்கும்போது, படங்களை இசைவிக்கும் இச்செயலைத் தெளிவாகச் சொல்லும் சொல்லை மாணவர்க்கு அளிப்பது நம் கடமை.