நோன்புக் கஞ்சிக்கும் சம்சாவுக்கும் இடையே: சமையல் சூடும் முதுமையும்

என் வாப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பத்தாண்டுகள் தாண்டிவிட்டன. இந்த ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இனிப்பைத் தொடவே இல்லையே, பிறகு ஏன் கூடுது?" என்று மருத்துவரிடம் கேட்டார். மருத்துவர் பதில் சொல்லாமல் வேறொன்று கேட்டார்: "வீட்டில் எப்படிச் சமைக்கிறீங்க? வேகவைத்தா, பொரித்தா?" என்ன சாப்பிடுகிறோம் என்பதுதான் கேள்வி என்று நினைத்திருந்த எனக்கு, எந்தச் சூட்டில் சமைக்கிறோம் என்பதும் ஒரு கேள்வி என்று அன்றுதான் உறைத்தது. நான் அரபி மதரஸாவிலும் கலைக் கல்லூரியிலும் படித்தவன், மருத்துவம் படித்தவன் அல்லன். தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதில் வேகும் புட்டும் இடியாப்பமும் கஞ்சியும் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. பிரஷர் குக்கரிலும் ஏறத்தாழ 120 டிகிரிதான். சம்சா பொரியும் எண்ணெயோ 160 முதல் 190 டிகிரி வரை போகும். கரி அடுப்பில் சுடும் கோழியின் மேற்புறம் அதையும் தாண்டும்.

சூடு 140 டிகிரியைத் தாண்டி, உணவின் மேற்பரப்பில் ஈரமும் வற்றிவிட்டால் அங்குள்ள சர்க்கரையும் புரதமும் வேகமாகச் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் தருகின்றன. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் பெயரால் இது 'மையார் வினை' எனப்படுகிறது. பொரித்த கோழியின் மொறுமொறுப்பு, ஓரட்டியின் கருகிய புள்ளி, வறுத்த காப்பிக்கொட்டையின் வாசனை எல்லாம் இதன் வேலைதான். ருசிக்குக் காரணமும் இதுவே என்பதால்தான் விட மனம் வருவதில்லை.

இந்த வினையின் கடைசியில் உண்டாகும் பொருள்களுக்கு 'அட்வான்ஸ்டு கிளைகேஷன் எண்ட் புராடக்ட்ஸ்' என்று பெயர். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் 'ஏஜ்', அதாவது வயது என்று வருகிறது. பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ஏனெனில் அடுப்பில் சில நிமிடங்களில் நடப்பது நம் உடம்புக்குள்ளும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு எடுக்கும் 'மூன்று மாதச் சராசரி' பரிசோதனை, அதாவது ஹெச்பிஏ1சி, இதன் முதல் கட்டத்தைத்தான் அளக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதற்குள் அதன் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்பதே அந்தச் சீட்டில் உள்ள எண்.

ஹீமோகுளோபினாவது நாலு மாதத்தில் புதுப்பிக்கப்பட்டுவிடும். தோலிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் உள்ள கொலாஜன் புரதமும் கண் லென்ஸின் புரதமும் அப்படியல்ல, பல ஆண்டுகள் இருப்பவை. அவற்றில் ஏஜ் பொருள்கள் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து விறைத்துப்போகின்றன. தோல் சுருங்குவதிலும் ரத்தக்குழாய் இறுகுவதிலும் கண்புரை விழுவதிலும் இதற்குப் பங்குண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு இவை சீக்கிரம் வருவதன் ஒரு காரணமும் இதுவே. இவற்றில் பெரும்பகுதி உடம்பே உண்டாக்குவது. உணவில் உள்ளதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேர்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதிலும் ஒரு பகுதியை வெளியேற்றிவிடும், சிறுநீரகம் பழுதானவர்களிடம் தேங்கும். ஆகவே, ஒருநாள் சம்சா சாப்பிட்டால் கிழவனாகிவிடுவோம் என்று பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்திகளை நான் ஏற்பதில்லை. முப்பது நாளும் பொரித்ததே நோன்பு திறக்கும் உணவாக இருப்பதுதான் கவலை.

உணவு முறையை மாற்றினால் பலன் உண்டா என்பதைச் சென்னையிலேயே சோதித்திருக்கிறார்கள். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் (டாக்டர் வி. மோகன் குழுவினர்) 2024இல் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 45 வயதுக்குட்பட்ட, உடல் எடை கூடிய, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 38 பேர் கலந்துகொண்டனர். வேகவைத்தும் ஆவியில் அவித்தும் சமைத்த, ஏஜ் குறைந்த உணவை 12 வாரமும், பொரித்தும் வறுத்தும் சுட்டும் சமைத்த உணவை 12 வாரமும் உண்டார்கள். முதல் வகை உணவின்போது இன்சுலின் வேலை செய்யும் திறன் மேம்பட்டிருந்தது. 38 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், அலட்சியப்படுத்தத்தக்க செய்தியல்ல.

உருளைக்கிழங்கு, ரொட்டி போன்ற மாவுப்பொருள்களில் வேறொரு சங்கதி. 120 டிகிரிக்கு மேல் பொரித்தாலோ சுட்டாலோ அவற்றில் அக்ரிலமைடு உண்டாகிறது என்பதை 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 1994லேயே 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்திருந்தது. பழுப்பு ஏற ஏற இதன் அளவும் ஏறும், எனவே பொன்னிறத்தில் எடுத்துவிடுவது நல்லது. பொரிக்கப்போகும் உருளைக்கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது கூடுதலாகக் கருக்கும்.

கடைச் சட்டியில் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய் இன்னும் மோசம். அதில் சேரும் 'போலார்' சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதித்திருக்கிறது. நம் வீட்டில் இதை அளக்கக் கருவி கிடையாது. நிறம் கறுத்து, நுரை கட்டி, குறைந்த சூட்டிலேயே புகைந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். "தேங்காயெண்ணெய்தானே, ஒன்றும் ஆகாது" என்பது குமரி மாவட்டத்து நம்பிக்கை. மற்ற எண்ணெய்களைவிட அது சீக்கிரம் கெடாது என்பது உண்மை. ஆனால் சூடு சூடுதான். நேந்திரங்காய் சிப்ஸைக் கருக்கினால் எண்ணெய் காப்பாற்றாது.

இதைப் படித்துவிட்டு அரைவேக்காட்டில் இறக்கிவிடாதீர்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனது நினைவிருக்கும். கோழி உள்ளே 74 டிகிரிச் சூட்டை எட்டினால்தான் கிருமிகள் சாகும். குழம்பில் கொதிக்கும் இறைச்சி அதை எளிதாகத் தாண்டிவிடும், அதேசமயம் கருகுவதுமில்லை. இந்த வகையில் இறைச்சி ஆணத்துக்கும் மீன் புளிக்குழம்புக்கும் ஈடில்லை. சுட்டே ஆக வேண்டுமென்றால் எலுமிச்சைச் சாற்றில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அப்படி ஊறிய மாட்டிறைச்சியில் ஏஜ் பொருள்கள் பாதிக்கும் கீழே குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புளிப்பு இந்த வினையைத் தடுக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் விரும்பி உண்டதாக ஹதீஸ்களில் வரும் 'தரீத்' என்பது குழம்பில் ஊறிய ரொட்டி. 'தல்பீனா' என்பது வாற்கோதுமைக் கஞ்சி. சுட்ட இறைச்சியையும் உண்டிருக்கிறார்கள். எனவே பொரித்தது கூடாது என்று யாரும் என் பெயரைச் சொல்லி ஃபத்வா கிளப்ப வேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் சம்சா. மற்ற நாள் பள்ளிவாசல் கஞ்சி, பேரீச்சம்பழம், அவித்த சுண்டல், சில நாள் கொழுக்கட்டை. முதல் வாரம் வாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது கஞ்சிக்குத் துவையல் மட்டும் காரமாகக் கேட்கிறார். ஷவ்வால் பிறந்ததும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.