மூடிய கதவுக்கு அப்பால்

ஒரு கரும்பலகை. அதன்மீது ஒரு கை சுண்ணக்கட்டியால் ஐந்து குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரைகின்றது. ஆண், பெண், பிறப்பு, இறப்பு, முடிவின்மை என்று ஒரு முதியவரின் குரல் அவற்றிற்குப் பொருள் கூறுகின்றது. 1961-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'பென் கேசி' என்னும் தொலைக்காட்சி நாடகத் தொடரின் முகப்பு இது. கரும்பலகையோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு இக்காட்சியின்பால் சிறிது பற்று உண்டு என்பதை மறைப்பானேன்!

அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே 'டாக்டர் கில்டேர்' என்னும் மற்றொரு மருத்துவமனைத் தொடரும் தொடங்கியிருந்தது. கில்டேர் இனிய முகத்தினர். கேசியோ கடுகடுத்த இயல்பினர். எனினும் இருவரும் நோயாளியின் நலனுக்காகத் தம் உறக்கத்தையும் துறக்கும் உத்தமர்கள். இவ்வாறு அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்க மருத்துவக் கழகம் அமைத்த குழு ஒன்று இந்நாடகங்களின் எழுத்துப்படிகளைப் பார்வையிட்டு வந்தது. மருத்துவச் செய்திகளில் பிழை நேராது காப்பதோடு, மருத்துவரின் மதிப்புக் குன்றாது காப்பதும் அக்குழுவின் நோக்கமாயிருந்தது. இரு தொடர்களும் 1966-ஆம் ஆண்டில் முடிவுற்றன.

மாணவர்களே, நோயும் குருதியும் மரணமும் நிறைந்த ஓரிடத்தை மக்கள் வாரந்தோறும் விரும்பிக் காண்பானேன்? உண்மை மருத்துவமனையில் நாம் எங்கே இருக்கின்றோம் என்று எண்ணிப் பாருங்கள். தாயையோ தந்தையையோ உள்ளே கொண்டு செல்வர்; கதவு மூடும். வெளியே விசிப்பலகையில் அமர்ந்து, வருவோர் போவோர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது. அந்தக் கதவைத்தான் இந்நாடகம் திறந்துவிடுகின்றது. இவை நெடுநாள் வாழ்வதற்கு மற்றொரு காரணம் கதையமைப்பு. நோயாளி வாரம் ஒருவர். மருத்துவரும் செவிலியரும் நிலையானவர். விக்கிரமாதித்தன் கதையில் அரசனும் வேதாளமும் நிற்க, கதைகள் மட்டும் மாறி மாறி வருவதில்லையா? அத்தகைய கட்டுக்கோப்பே இது.

கதவு திறந்ததே தவிர, உள்ளே இருந்த மருத்துவர் பீடத்தினின்று இறங்கி வரப் பல ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்தில் 1957 முதல் 1967 வரை நடந்த 'எமர்ஜென்சி வார்டு 10' என்னும் தொடர், மக்களுக்கு மருத்துவமனைமீது இருந்த அச்சத்தைத் தணித்தது. அதே நாட்டில் 1986-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பி.பி.சி. தொடங்கிய 'காஷுவால்டி' முற்றிலும் வேறான போக்குடையது. 1948-இல் பெருங்கனவாய்ப் பிறந்த தேசிய நலவாழ்வுப் பணி நலிந்து வருகின்றதே என்னும் மனக்குறையோடு ஜெரமி பிராக், பால் அன்வின் என்னும் இருவர் அதனைப் படைத்தனர். படுக்கையின்மை, ஆட்குறைவு, இரவுப் பணியின் சோர்வு ஆகியவையெல்லாம் கதையில் இடம்பெற்றன. ஆளுங்கட்சியினர் சிலர் சினங்கொண்டனர். என் கருத்தில் அதனினும் பெரிய புதுமை ஒன்று உண்டு. அங்கே நடுநாயகமாய் நின்றவர் மருத்துவர் அல்லர். சார்லி என்னும் ஆண் செவிலியர். முதல் நாளிலேயே அப்பாத்திரத்தை ஏற்ற டெரிக் தாம்சன் என்னும் நடிகர் 2024-ஆம் ஆண்டில்தான் விடைபெற்றார்.

அமெரிக்காவிலும் மாற்றம் வந்தது. மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். தாம் மாணவராய்க் கண்டவற்றைக் கொண்டு 1974-இல் ஒரு திரைக்கதை எழுதினார். விரைவு மிகுதி, மருத்துவச் சொற்களுக்கு விளக்கம் இல்லை; ஆகவே எவரும் அதனைப் படமாக்க முன்வரவில்லை. இருபது ஆண்டுகள் உறங்கிய அவ்வெழுத்தே, பெரும் மாற்றமின்றி, 1994-இல் 'ஈ.ஆர்.' என்னும் தொடரின் முதற்பகுதி ஆயிற்று. தள்ளுவண்டியில் கிடத்திய நோயாளியோடு படக்கருவியும் ஓடிற்று. சொற்கள் விளங்காவிடினும் பதைப்பு விளங்கிற்று. மருத்துவர்கள் தவறினர், அழுதனர்; சிலவேளை தோற்றனர். 2009 வரை 331 பகுதிகள் வெளியாயின.

பார்வைக்கு இவ்வளவு மெய்யாய்த் தோன்றியதனாலேயே ஒரு தீங்கும் நேர்ந்தது. நின்றுபோன இதயத்தை மார்பில் அழுத்தி மீண்டும் இயக்கும் முயற்சியைப் பற்றி மருத்துவ அறிஞர் மூவர் ஆராய்ந்தனர். 'ஈ.ஆர்.' உள்ளிட்ட மூன்று தொலைக்காட்சித் தொடர்களில் வந்த அத்தகைய 60 நிகழ்ச்சிகளை எண்ணி, 1996-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவை வெளியிட்டனர். திரையில் நூற்றுக்கு 75 பேர் அப்போதைக்குப் பிழைத்தனர். 67 பேர் வீடு திரும்புவதாகவும் காட்டப்பட்டது. நோயாளிகளில் பெரும்பாலோர் சிறுவரும் இளைஞருமே. மெய்வாழ்வில் இதயம் நிற்பது பெரும்பாலும் முதியோர்க்கு. மருத்துவமனைக்கு வெளியே அவ்வாறு நேர்ந்தவருள் நூற்றுக்குப் பத்துப் பேர் நலமாய் வீடு திரும்புவதே பல நகரங்களில் அரிது. முயற்சி வேண்டாமென்பதன்று, பிழைக்கும் அந்தச் சிலரும் அம்முயற்சியால் பிழைப்பவரே. ஆயின் எண்பது வயதுத் தந்தை உள்ளே கிடக்க, இதயம் நின்றால் என்ன செய்வதென்று மருத்துவர் வெளியே வந்து கேட்கும்போது, விசிப்பலகையில் இருக்கும் மகன் எந்தக் கணக்கை மனத்திற்கொண்டு விடை கூறுவான்? அவன் அறிந்திருப்பது திரையின் கணக்கு ஒன்றுதானே!