விழுங்கியவனும் ஆண்டவனும்: நவீன மிகுபுனைவில் குரோனோஸ்

கிரேக்கத் தொன்மத்தின் டைட்டன்களுள் இன்றைய மிகுபுனைவு விரும்பி வில்லனாக்குவது குரோனோஸை. நாவல், திரைப்படம், வீடியோ கேம் என எதில் வந்தாலும் பெற்ற பிள்ளைகளை விழுங்கிய தகப்பனாகவும் பாதாளத்திலிருந்து எழும் பேரழிவாகவுமே பெரும்பாலும் வருகிறான். கிரேக்கர் அறிந்த குரோனோஸுக்கு இன்னொரு முகமும் உண்டு. அந்த முகத்தை முற்றிலும் துடைத்துவிட்ட படைப்புகளில் அவன் வெறும் பூதமாகிறான். அதை வில்லனின் வாக்குறுதியாகவாவது விட்டுவைத்த படைப்புகளில்தான் அவன் எடுபடுகிறான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரு முகங்களும் ஹெசியோடின் பெயரிலேயே வந்து சேர்ந்திருக்கின்றன. கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த அந்தக் கவிஞரின் 'தியோகனி'யில், தாய் கயா தந்த அரிவாளால் தந்தை யூரனோஸின் ஆண்குறியை அறுத்து அரசைப் பறிக்கிறான் குரோனோஸ். தன் பிள்ளையாலேயே தானும் வீழ்வான் என்று அறிந்ததும் ஹெஸ்டியா, டிமீட்டர், ஹீரா, ஹேடிஸ், பொசைடன் ஆகிய ஐவரையும் பிறக்கப் பிறக்க விழுங்குகிறான். ஆறாவதாகப் பிறந்த ஸீயஸுக்குப் பதிலாகத் துணி சுற்றிய கல்லொன்றை ரியா கொடுக்க, அதையும் விழுங்குகிறான். பின்பு பத்தாண்டுப் போர், தோல்வி, டார்டரஸ் சிறை. இவ்வளவையும் பாடியவரே 'வேலைகளும் நாட்களும்' என்னும் நூலில், குரோனோஸ் வானில் ஆண்ட நாளில்தான் பொன் தலைமுறை மனிதர் வாழ்ந்தனர் என்கிறார். அவர்களுக்கு உழைப்பின் வருத்தம் இல்லை, மூப்பின் தளர்ச்சி இல்லை; நிலம் தானாகவே விளைந்தது.

இது ஏட்டோடு நின்ற நினைவன்று. ஏதென்ஸில் கோடையில் கொண்டாடிய குரோனியா விழாவில் எஜமானரும் அடிமைகளும் ஒரே பந்தியில் உண்டனர். கி.மு. 476இல் அக்ராகஸ் மன்னன் தெரோனின் தேர்ப்பந்தய வெற்றியைப் பாடிய பிண்டார், நல்லோர் சென்றடையும் இன்பத் தீவுகளில் குரோனோஸின் கோபுரத்தை நிறுத்தினார். ரோமானியரின் சாட்டர்னோ, வர்ஜிலின் காவியத்தில், இத்தாலியில் தஞ்சம் புகுந்து மலைவாழ் மக்களுக்குச் சட்டம் வழங்கிய அரசன். கொடிய முகத்துக்குக் கீழை உறவுகளும் உண்டு. ஹத்தூசாவில் கிடைத்த ஹிட்டைட் களிமண் பலகைகளில், வானதேவன் அனுவின் ஆண்மையைக் கடித்து விழுங்கும் குமார்பி இருக்கிறான். வெவ்வேறு மரபுகள் ஒரே பெயரில் கலந்தன என்று கருதுவோர் உண்டு. எப்படிக் கலந்திருந்தாலும், கிரேக்கர் இம்முரணைத் தீர்க்க அவசரப்படவில்லை.

அவசரம் நம் காலத்துக்கு. 2012இல் வந்த 'ராத் ஆஃப் தி டைட்டன்ஸ்' படத்தின் குரோனோஸ் எரிமலைக் குழம்பால் ஆன நடமாடும் மலை. 2005இல் தொடங்கிய 'காட் ஆஃப் வார்' விளையாட்டு வரிசையில் அவன் முதுகில் பண்டோராவின் கோயிலைச் சுமக்கிறான். 2010இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஆட்டக்காரர் அவன் உடல்மேலேயே ஏறித் திரிந்து அவனைக் கொல்கிறார். அங்கே குரோனோஸுக்கு மனக்குறை இல்லாமலில்லை. ஆயினும் விளையாட்டில் அவன் பாத்திரமாக நிற்பதைவிட நிலப்பரப்பாகக் கிடப்பதே அதிகம்.

ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் நாவல்கள் (2005–2009) சிறுவர்க்கானவை என்பதால் ஆய்வாளர் அவற்றை எளிதில் தாண்டிவிடக்கூடும். அது தவறு. முதல் நாவலிலேயே கைரன் என்னும் குதிரைமனித ஆசான், பொற்காலம் என்பது வெறும் பிரச்சாரம், மனிதர்கள் டைட்டன்களுக்குத் தீனியும் மலிவான கேளிக்கையுமாகவே இருந்தனர் என்று பெர்சிக்குச் சொல்கிறார். ரியோர்டன் ஹெசியோடின் மறுமுகத்தை அறியாமல் விடவில்லை, அறிந்தே மறுக்கிறார். வரலாறாக மறுத்ததை அரசியல் வாக்குறுதியாக மட்டும் உள்ளே விடுகிறார்.

அந்த வாக்குறுதிக்குச் செவிகொடுப்பவர்கள் யார்? தேவர்கள் பெற்றுவிட்டு ஏறெடுத்தும் பார்க்காத பிள்ளைகள். இப்பிள்ளைகள் தங்கும் முகாமில், யாருடைய பிள்ளை என்று தெரியாதவர்கள் ஹெர்மஸின் குடிலில் இடமின்றித் தரையில் படுக்கிறார்கள். ஹெர்மஸின் மகன் லூக்கே முதலில் கட்சி மாறுகிறான். சிறுதெய்வங்களுக்கு ஒலிம்பஸில் மதிப்பு கிடைக்கும் என்று நம்பி நெமிசிஸின் மகன் ஈத்தனும் சேர்கிறான். தொடக்கத்தில் குரோனோஸுக்கு உடலே கிடையாது. கனவில் கேட்கும் ஒரு குரல், பொற்பேழைக்குள் சில துண்டுகள், அவ்வளவுதான். படையில் புதிதாக ஒருவர் சேருந்தோறும் பேழைக்குள் இன்னொரு துண்டு உருவாகிறது. புறக்கணிக்கப்பட்டவர்களின் கோபத்தால் உறுப்புறுப்பாகக் கட்டப்படும் இந்த வில்லனைவிடக் கூர்மையான கற்பனை அந்த வரிசையில் வேறில்லை. நான்காம் நாவலில் அவன் லூக்கின் உடலுக்குள்ளேயே புகுந்து அவனை ஆட்கொள்கிறான். பொற்காலம் தருவதாகச் சொன்னவன் நம்பி வந்த பிள்ளையை விழுங்கும் அந்த இடத்தில் ஹெசியோடின் இரு குரோனோஸ்களும் ஒன்றாகிறார்கள்.

ஐந்தாம் நாவலில் இந்தக் கூர்மை மழுங்கிவிடுகிறது. மன்ஹாட்டனை முற்றுகையிடும் குரோனோஸ் வழக்கமான கொடுங்கோலன்தான். அவனைக் காலத்தோடு இணைத்துப் பார்த்த பண்டைய வழக்கத்திலிருந்து பெற்ற, நேரத்தை மெதுவாக்கும் வித்தை மட்டும் கொஞ்சம் சுவை சேர்க்கிறது. ஆனால் முடிவில் பெர்சி செய்வது கவனத்துக்குரியது. தனக்கு அளித்த அமரத்துவத்தை மறுத்துவிட்டு, பிள்ளைகளைப் பதின்மூன்று வயதுக்குள் தேவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், சிறுதெய்வங்களின் பிள்ளைகளுக்கும் குடில்கள் வேண்டும், போரில் சேராத டைட்டன் குலத்தாரை மன்னிக்க வேண்டும் என்கிறான். எதிரிப் படை எழுப்பிய கோரிக்கைகள் நியாயமானவை என்பதை நாயகனே ஒப்புக்கொள்கிறான்.

மார்வெலின் தானோஸும் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறான். 1973இல் ஜிம் ஸ்டார்லின் படைத்த அவன், சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில் பிறந்தவன். காமிக்ஸில் அவனுடைய பாட்டன் பெயரே குரோனோஸ். காமிக்ஸில் மரணதேவதையின் மீது கொண்ட காதலுக்காக அவன் உயிர்களில் பாதியை அழித்தான். 2018இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' திரைப்படம் காதலை விலக்கி, மிஞ்சியவர்களுக்கு வயிறார உணவு என்ற நோக்கத்தைக் கொடுத்தது. பொற்காலத்தின் அதே வாக்குறுதிதான். படம் வந்த பிறகு அவன் செய்தது சரியா என்று ரசிகர்கள் விளையாட்டாகவேனும் வழக்காடியது இந்த மாற்றத்தால்தான்.

இவற்றில் எதுவும் கிரேக்கர் துணிந்த அளவுக்குத் துணியவில்லை. கி.மு. 462இல் சைரீன் மன்னனுக்குப் பாடிய பாடலில், அழியாத ஸீயஸ் டைட்டன்களை விடுவித்தான் என்று பிண்டார் போகிறபோக்கில் சொல்கிறார். சிறையில் கிடந்த பகைவர்கள் பகைவர்களாகவே வெளியே வருகிறார்கள். ரியோர்டனின் குரோனோஸோ மீள முடியாதபடி சிதறடிக்கப்படுகிறான். அவன் சகோதரன் இயாபெடஸ் 2013இல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் ஹேடிஸ்' நாவலில் பெர்சிக்குத் துணை நிற்கிறான் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன் அவன் லெத்தே ஆற்றில் விழுந்து, தான் யாரென்பதையே மறந்து, பாப் என்ற புதுப் பெயர் பெற வேண்டியிருந்தது.