பிழையைத் தேடுவதா, பிழை திருத்துநரைத் தேடுவதா?

1895ஆம் ஆண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நோய்க்குறியியலாளர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம், அவர் வீட்டிற்குத் துணி தைத்துக் கொடுத்த பெண் ஒருவர் தம் அச்சத்தைக் கூறினார். குடும்பத்தில் பலரும் வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ புற்று வந்து இறந்தனர். தமக்கும் அதே முடிவுதான் என்றார். அவ்வாறே இளம் வயதில் கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். அக்குடும்பத்தின் கொடிவழியை வார்த்தின் 1913இல் 'ஜி குடும்பம்' என்ற பெயரில் வெளியிட்டார். 1960களில் ஒமாகா நகரின் ஹென்றி லிஞ்ச் அப்பணியைத் தொடர்ந்தார். இன்று அந்நோய் 'லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி' எனப்படுகிறது. அதுவரை மருத்துவர்களிடம் இருந்த ஒரே சோதனை, குடும்ப வரலாற்றைக் கேட்டறிவதே.

அதன் காரணம் 1993இல் புலப்பட்டது. உயிரணு பிளவுறும் ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ முழுவதும் படியெடுக்கப்படுகிறது. ஏடு பெயர்த்தெழுதியவர்களின் பிழைகளை அறிந்தோர்க்கு இங்கே நிகழ்வது எளிதில் விளங்கும்: ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடத்தில் கண் வழுக்கும், ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும். டிஎன்ஏவில் இவ்வாறு குறுந்தொடர்கள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். அங்கு நேரும் வழுக்கல்களைத் திருத்தவே எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய புரதங்கள் உள்ளன. பெருங்குடல் கட்டிகள் சிலவற்றில் இப்பகுதிகளின் நீளம் மாறியிருப்பதை அவ்வாண்டில் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டன. திருத்தும் மரபணு கெட்டால் இதே தடுமாற்றம் தோன்றும் என்பதை டாம் பீட்டிஸின் ஆய்வகம் ஈஸ்டில் காட்டியது. ஆண்டு முடிவதற்குள் மனிதரின் எம்எஸ்எச்2 மரபணுவும், 1994இல் எம்எல்எச்1 மரபணுவும் கண்டறியப்பட்டன.

இதிலிருந்து இருவேறு சோதனைகள் பிறந்தன. ஒன்று, பிசிஆர் முறையில் கட்டியின் மைக்ரோசாட்டிலைட் நீளத்தை நோயாளியின் இயல்பான திசுவோடு ஒப்பிடுவது. 1997இல் பெதஸ்டாவில் கூடிய வல்லுநர்கள் இதற்கென ஐந்து அடையாளப் பகுதிகளை வரையறுத்தனர். அவற்றுள் இரண்டோ அதற்கு மேலோ மாறியிருந்தால் 'உயர்நிலைத் தடுமாற்றம்'. மற்றது, திசுச்சீவலில் எதிர்ப்புரதங்களைக் கொண்டு நிறமேற்றி, திருத்தும் புரதங்கள் உயிரணுக் கருவில் உள்ளனவா என்று நுண்ணோக்கியில் காண்பது. முன்னது படியில் உள்ள பிழையைப் பார்க்கிறது. பின்னது பிழை திருத்துநர் இருக்கையில் உள்ளாரா என்று பார்க்கிறது.

இவை இரண்டும் ஒன்றையே சொல்லுமா? 2002இல் வெளியான ஓர் ஆய்வு 1144 நோயாளிகளின் பெருங்குடல் கட்டிகளில் இரண்டையும் ஒப்பிட்டது. உயர்நிலைத் தடுமாற்றம் கொண்ட 350 கட்டிகளுள் 323இல் எம்எல்எச்1 அல்லது எம்எஸ்எச்2 புரதம் இல்லை. நிறமேற்றத்தின் கண்டறிதிறன் 92.3 விழுக்காடு. எஞ்சிய 27 கட்டிகளில் புரதம் இருந்தும் திருத்தம் நடைபெறவில்லை. பின்னர் பிஎம்எஸ்2, எம்எஸ்எச்6 ஆகியவற்றையும் சேர்த்து நான்கு புரதங்களையும் பார்க்கும் வழக்கம் இவ்விடைவெளியைக் குறைத்தது, முற்றிலும் அகற்றவில்லை. மரபணுவின் ஒற்றை எழுத்து மாறியதால் செயலிழந்த புரதம் உருக்குலையாமல் நின்று நிறம் ஏற்கக்கூடும். திருத்துநர் இருக்கையில்தான் இருக்கிறார், பார்வைதான் இல்லை.

எதிர்த்திசையிலும் பிசகு நேரும். எம்எஸ்எச்6 மட்டும் கெட்ட கட்டிகளில் நீள மாற்றம் மெலிதாக இருந்து பிசிஆரின் கண்ணுக்குத் தப்பலாம். எடுத்த திசுவில் புற்றணுக்கள் குறைவாக இருந்தாலும் அவ்வாறே. திசு சரிவரப் பதப்படுத்தப்படாவிடில், இருக்கும் புரதமும் இல்லாதது போல் தோன்றும். அதனால்தான் அருகிலுள்ள இயல்பான உயிரணுக்கள் நிறமேற்றுள்ளனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆனால் எந்த மரபணுவை ஆராய வேண்டும் என்பதைச் சுட்டிக்காட்டுவது நிறமேற்றமே. எம்எல்எச்1 மறைந்தால் அதன் துணையான பிஎம்எஸ்2உம் உடன் மறையும். பிஎம்எஸ்2 மட்டும் மறைந்தால் பொருள் வேறு.

தடுமாற்றம் உண்டென்றாலே பரம்பரை நோய் என்றும் ஆகாது. பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டில் இத்தடுமாற்றம் உண்டு. லிஞ்ச் நோய்க்குறித்தொகுதியால் வருவன 3 விழுக்காடு அளவே. பெரும்பாலானவற்றில் எம்எல்எச்1 மரபணு மெத்தில் ஏற்றத்தால் கட்டிக்குள் மட்டும் அடங்கிப்போயிருக்கும். பிராஃப் மரபணு மாற்றத்தையும் மெத்தில் ஏற்றத்தையும் சோதிக்கும் மூன்றாம் படி இதனாலேயே வந்தது. இப்படியைத் தவிர்த்தால், நோயாளியின் பிள்ளைகள் தேவையற்ற அச்சத்தைச் சுமக்க நேரும்.

2017 மே மாதம் இச்சோதனைகளின் பொருளே மாறியது. திருத்தக் குறைபாடு உள்ள கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் பெம்புரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தைத் தரலாம் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. அதுவரை குடும்பத்தின் வருங்காலத்தைச் சொன்ன சோதனை, அன்று முதல் நோயாளியின் நாளைய மருந்தையும் முடிவு செய்கிறது. இவ்வகை மருந்துகள் தொடக்கத்திலேயே பலனளிக்காத நோயாளிகளைப் பிரெஞ்சு ஆய்வர்கள் 2019இல் மீளாய்வு செய்தபோது, சிலருக்குக் குறைபாடே இருக்கவில்லை என்பது தெரிந்தது. தோற்றது மருந்தன்று, சோதனை முடிவு. ஆகவே மருந்தைத் தொடங்குமுன் இரு சோதனைகளையும் செய்வது நன்று என்ற கருத்து வலுப்பெற்றது. இரண்டும் முரண்பட்டால், அம்முரண்பாடு ஒதுக்கத்தக்கதன்று; மீண்டும் பார்க்கச் சொல்லும் குறிப்பு அது.

ஜி குடும்பத்தின் கேடு எம்எஸ்எச்2 மரபணுவில் உள்ளது என்பது 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அந்தத் தையற்பெண் தம் குடும்பத்தைப் பற்றிக் கூறியதன் காரணம் புலப்பட 105 ஆண்டுகள் ஆயின. அவர் கூற்றைப் பொருட்படுத்திக் குறித்துவைக்க ஒருவர் இருந்தார் என்பதிலிருந்தே இவ்வரலாறு தொடங்குகிறது.