கொழும்புத் தமிழரின் பிரிவுப் பாடல்கள்

கொழும்பில், குறிப்பாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழரிடையே 1950களிலிருந்து புழங்கிவரும் வெகுசனப் பாடல்களில், ஆளையோ ஊரையோ பிரிந்திருப்பதைப் பாடுபவை தனி வகையாக எண்ணத்தக்கவை. இவற்றில் பெரும்பகுதி சென்னையில் பிறந்த திரைப்பாடல்கள். எஞ்சியவை இலங்கையிலேயே உருவான மெல்லிசையும் பொப்பிசையும். சென்னைப் பாட்டு கொழும்பில் கேட்கப்பட்டபோது அதற்கு வேறொரு பொருள் சேர்ந்தது என்பதே இந்த வகையின் சிறப்பு. எங்கே எழுதப்பட்டது என்பதைவிட எங்கே, யாரால், எந்த நிலையில் கேட்கப்பட்டது என்பதுதான் இங்கே முக்கியம்.

பின்னணி

பிரிவைப் பாடுவது தமிழுக்குப் புதிதல்ல. அகத்திணைகளில் பாலை முழுவதும் அதற்கே உரியது. பொருள் தேடிப் போனவனை நினைத்து வீட்டிலிருப்பவள் பாடுவது அதன் இயல்பான காட்சி. இருபதாம் நூற்றாண்டுக் கொழும்பில் இந்தக் காட்சி இடம் மாறியது. அரசாங்க உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கிய ஆண்களே பாட்டுக் கேட்பவர்கள் ஆனார்கள். மனைவி மக்கள் ஊரில். சம்பளத்தின் ஒரு பங்கு மாதாமாதம் காசுக்கட்டளையாகப் போகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாழ்க்கையை 'மணியோடர் பொருளாதாரம்' என்று சொல்லும் வழக்கம் இதனால்தான் வந்தது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில் இந்தப் பிரிவைச் சற்றுக் குறைத்தது, முற்றாகத் தீர்க்கவில்லை.

கொட்டாஞ்சேனையின் கதை வேறு. துறைமுகத்துக்கு அருகிலுள்ள இந்தப் பகுதியில் வணிகரும் தொழிலாளரும், இந்தியாவில் உறவுகளை விட்டு வந்தோரும், கத்தோலிக்கரும், சிங்கள, முஸ்லிம் அயலவரும் நெருங்கி வாழ்ந்தனர். வெள்ளவத்தை உத்தியோகத்தரின் காதில் கர்நாடக இசையும் திரையிசையும் விழுந்தன என்றால், கொட்டாஞ்சேனைக்காரரின் காதில் அவற்றோடு பைலா என்ற ஆடலிசையும் விழுந்தது. இந்த வேறுபாடு பின்னர் பொப்பிசையைப் பற்றிப் பேசும்போது பயன்படும்.

வானொலி

கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. பின்னர் ரேடியோ சிலோன் ஆகி, 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972 முதல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது. அதன் வர்த்தக சேவை 1950இல் பிறந்தது. 1952இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமல் செய்ததும், தமிழ்நாட்டு நேயர்களும் கொழும்பைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். எஸ். பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் கடலின் இரு கரைகளிலும் வீட்டுக் குரல்கள் ஆனதன் பின்னணி இது.

பிரிவுப் பாடலுக்கு அந்த வானொலியில் மிகப் பொருத்தமான இடம் 'இசையும் கதையும்' என்ற நிகழ்ச்சி. நேயர் எழுதி அனுப்பிய கதையை அறிவிப்பாளர் வாசிப்பார். கதையின் திருப்பங்களில் அதற்கேற்ற திரைப்பாடல்கள் ஒலிக்கும். கதை பெரும்பாலும் கைகூடாத காதல்தான். இலக்கிய மதிப்பு என்று பார்த்தால் பலவற்றில் அதிகம் இராது. ஆனால் ஏற்கெனவே ஒரு படத்துக்காக எழுதப்பட்ட பாட்டைக் கழற்றி எடுத்து, தன் ஊர்ப் பெயரும் தன் துயரமும் உள்ள கதையில் பொருத்திக்கொள்ளும் பழக்கத்தை நேயருக்குக் கற்றுக்கொடுத்தது இந்த நிகழ்ச்சி. ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில், கைவிட்டுப் போன காதலியை வாழ்த்தும் நாயகனுக்காக ஏ. எல். ராகவன் பாடிய பாட்டு இப்படி எத்தனையோ வேறு நாயகர்களுக்கும் பயன்பட்டிருக்கும்.

இதே வானொலியில்தான் மரண அறிவித்தலும் வரும். இறந்தவரின் பெயர், ஊர், உறவுமுறை, ஈமக்கிரியை நேரம் என்று வரிசையாக வாசிக்கப்படும். பாட்டுக்காகத் திறந்துவைத்த வானொலியில் இழப்புச் செய்தியும் வந்து விழும் என்பதால், பிரிவுப் பாடலைக் கேட்கும் மனநிலை இலங்கையில் சினிமாக் கொட்டகையில் இருப்பதைப் போல் இருக்கவில்லை.

உள்ளூர் மெல்லிசைக்கும் இந்த நிலையமே தாய்வீடு. ஆர். முத்துசாமி போன்ற இசையமைப்பாளர்களும், எஸ். கே. பரராஜசிங்கம், வி. முத்தழகு, எம். ஏ. குலசீலநாதன் போன்ற பாடகர்களும் ஈழத்துக் கவிஞர்களின் வரிகளைக் கொழும்புக் கலையகத்தில் பாட்டாக்கினர். அவை செம்மையானவை, மென்மையானவை. திரைப்பாடலோடு போட்டியிடும் வேகம் மட்டும் அவற்றுக்கு இல்லை.

பொப்பிசையும் பைலாவும்

அந்த வேகம் வேறு திசையிலிருந்து, கொட்டாஞ்சேனைக்காரர் கேட்ட பைலாவிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் காலத்தின் மிச்சமாகக் கரையோரத்தில் தங்கிய ஆடலிசை, வொலி பஸ்தியான் என்ற பொலிஸ்காரரின் கையில் இருபதாம் நூற்றாண்டில் சிங்களப் பைலாவாக உருக்கொண்டது. போர்த்துக்கல் என்றதும் பிரிவாற்றாமையைப் பாடும் ஃபாடோ இசையைச் சிலர் நினைக்கலாம். ஆனால் போர்த்துக்கேயர் இலங்கையை விட்டு நீங்கியது 1658இல். லிஸ்பனில் ஃபாடோ தலையெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஆகவே இலங்கைக்கு வந்து சேர்ந்தது ஆட்டம்தான், அழுகை அல்ல.

அந்த ஆட்டத் தாளத்தில் தமிழைப் பாடியவர்களில் முன்னோடி உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த 1960களின் பிற்பகுதியில் கிற்றாரோடு பாடத் தொடங்கினார். அவரது 'சின்ன மாமியே', கண்ணில் படாத முறைப்பெண்ணைப் பற்றி மாமியிடம் விசாரிக்கும் பாட்டு. பொருளால் அது பிரிவுப் பாடல்; தாளத்தாலோ கலியாண வீட்டில் கைதட்டி ஆடும் பாட்டு. இழந்ததைப் பற்றிக் கேட்டுக்கொண்டே சிரித்து ஆடுவது என்ற இந்தக் கலவையே இலங்கைப் பொப்பிசை தமிழுக்குக் கொடுத்த புதுமை என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. சென்னைத் திரையிசையின் சோகப் பாட்டு அழச் சொல்லும். இது அழ நேரம் கொடுப்பதில்லை.

திருகோணமலையின் எம். பி. பரமேஷ் பாடிய 'உனக்குத் தெரியுமா' மென்மையான வழியில் போனது. இலங்கையின் தொடக்ககாலத் தமிழ் இசைத்தட்டுகளில் ஒன்றான அதில், நினைக்கப்படுபவள் எதிரே இல்லை, நினைப்பு மட்டும் இருக்கிறது. ஏ. ஈ. மனோகரன், அமுதன் அண்ணாமலை, ஸ்ரான்லி சிவானந்தன் ஆகியோரும் இதே காலத்து மேடைகளில் புகழ்பெற்றவர்கள். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் தென்னிந்திய வெகுசன இதழ்கள் மீதான தடையும் உள்ளூர்க் கலைக்குச் சந்தை ஒன்றைத் திறந்துவிட்டன. பொப்பிசை செழித்தது அந்த ஆண்டுகளில்தான். மனோகரனின் 'சுராங்கனி' மெட்டு 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தின் மூலம் தமிழ்த் திரைக்குச் சென்றது. சென்னையிலிருந்து கொழும்புக்கு மட்டுமே வந்துகொண்டிருந்த பாட்டு எதிர்த்திசையில் போன அரிதான தருணம் அது.

1983க்குப் பின்

1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் அகதி முகாம்கள் ஆயின. பலர் 'லங்கா கல்யாணி' உள்ளிட்ட கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். அதுவரை பாட்டு ஏங்கியது பிரிந்துபோன ஓர் ஆளுக்காக. இனி வீதியும் வீடும் அயலும் அந்த இடத்துக்கு வந்தன. மலையகத் தமிழருக்கு இந்த மாற்றம் முன்னரே நேர்ந்திருந்தது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் விழுந்ததே சான்று.

போர்க்கால வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் காத்திருப்போரின் இடங்கள். வடக்கிலிருந்து வந்து லொட்ஜில் தங்கி, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரரின் பதிலுக்கோ வெளிநாட்டுக் கணவன் அனுப்பும் கடிதங்களுக்கோ மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். காலி வீதியின் கொமினிக்கேஷன் கடைகளில் கனடாவுக்கும் சுவிசுக்கும் அழைப்பெடுத்துப் பேசினார்கள். 2007 ஜூன் 7 அதிகாலையில் இந்த லொட்ஜுகளிலிருந்த 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினர். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இதற்கிடையில் ஒலிபரப்பும் மாறியது. 1998இல் சக்தி, சூரியன் ஆகிய தனியார் பண்பலை வானொலிகள் கொழும்பில் தொடங்கின. ஐபிசி தமிழ் அதற்கு முந்திய ஆண்டே லண்டனிலிருந்து ஒலிக்கத் தொடங்கியிருந்தது. பிரிந்திருப்பவரின் பெயரை வானொலியில் சொல்லிப் பாட்டுக் கேட்பது இப்போது கண்டங்களுக்கிடையே நடந்தது. 2002இல் வந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில், ஈழத்தவர் நாட்டைப் பிரியும் காட்சிக்கு வைரமுத்து எழுத ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த பாட்டில் எம். எஸ். விஸ்வநாதனின் குரலும் இருந்தது. 1960களில் கொழும்பு வானொலி ஓயாமல் ஒலிபரப்பிய பிரிவுப் பாடல்கள் பலவற்றுக்கு இசையமைத்தவர் அவர். அந்தக் காலத்து நேயர் பலருக்கு அந்த முதிய குரலே பாட்டின் பாதிப் பொருள். படத்தின் அரசியலில் குறை காண இடமுண்டு, பாட்டில் குறைவு.

இலங்கைப் பொப்பிசையை உருவாக்கியவர்களும் ஊரில் தங்கவில்லை. நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிலும், எம். பி. பரமேஷ் ஜெர்மனியிலும் குடியேறினர். 'சிலோன் மனோகர்' என்றே தமிழ்நாட்டில் அறியப்பட்ட ஏ. ஈ. மனோகரன் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார்.