அந்துக்கு இரண்டு தீவுகள்

அரிசி மூட்டையைப் பிரித்ததும் சாம்பல் பழுப்பு நிறத்தில் படபடத்து எழும் சிறு பூச்சிக்கு சென்னை ராயபுரத்து மளிகைக் கடையில் பெயர் அந்து. அறிவியல் ஏட்டில் அது கார்சைரா செஃபலோனிகா. அந்தப் பெயரில் இருப்பவை இரண்டு கிரேக்கத் தீவுகள்: கோர்ஃபுவும் செஃபலோனியாவும். நம் அரிசியைத் தின்னும் பூச்சிக்கு அங்கே என்ன உறவு?

உறவு கப்பல் வழி வந்தது. 1866இல் இங்கிலாந்தின் ஹென்றி ஸ்டெயின்டன் இந்தப் பூச்சியை முதன்முதலாக விவரித்தபோது, அதை உலர்திராட்சை தின்னும் பூச்சி என்றே அறிந்தார். திராட்சைக்குப் பேர்போன செஃபலோனியா பூச்சிக்கும் பெயராயிற்று. 1885இல் பிரான்சின் ரகோனோ அதற்கெனத் தனிப் பேரினம் வகுத்து, அதே தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கோர்ஃபுவின் இலத்தீன் பெயரைச் சூட்டினார். 1913இல் அமெரிக்காவின் ஹாரிசன் டையர் அதே பூச்சியைப் புதிதென்று கருதி, கொக்கோ மரத்தை நினைவூட்டும் ‘தியோப்ரோமே’ என்றார். எந்தச் சரக்கில் அகப்பட்டதோ அந்தச் சரக்கின் முத்திரை விழுந்தது. முந்திய பெயருக்கே முதலுரிமை என்பது வகைப்பாட்டு விதி. பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரை நீக்கவும் முடியாது. எனவே கிரேக்கம் நிலைத்துவிட்டது.

கடல்வழிப் பெயர் ராயபுரத்துக்குப் புதிதல்ல. புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்பர். படகோட்டிகள் எழுப்பிய அவருடைய கோயிலால்தான் ஊர்ப்பெயர் வந்தது என்பது வழங்கிவரும் விளக்கம். பர்மா அரிசி இறங்கிய சென்னைக் கரைக்கு அந்து நன்றாகவே பழக்கம்.

‘அந்து’ என்றதும் அந்திப்பொழுதை நோக்கி மனம் ஓடலாம். ஆனால் வழக்கு அதற்கு இடம் தரவில்லை. அந்தியில் விளக்கைச் சுற்றுவதை விட்டில் என்றோம்; அந்து என்றது குதிரிலும் மூட்டையிலும் இருப்பதை. வேப்பிலையும் நொச்சியும் போட்டு விரட்டியது இதைத்தான். பிறகு துணிப்பெட்டிக்கும் இந்தச் சொல் நகர்ந்து, நாப்தலின் உருண்டை அந்துருண்டை ஆயிற்று. கடைசியில் பாடநூல்கள் விளக்கைச் சுற்றும் இனங்கள் அனைத்துக்கும் அந்துப்பூச்சி என்ற பொதுப்பெயரைக் கொடுத்தன. தானிய அந்துகளைத் தனித்துச் சொல்ல இன்று அடைமொழி வேண்டியிருக்கிறது. நெல்மணிக்குள் புகுந்து உண்டு, வட்டத் துளையிட்டு வெளியேறுவது நெல் அந்து. அரிசியை நூலால் பிணைத்துக் கட்டிகட்டியாக்குவது அரிசி அந்து.

அந்து என்ற சொல் தமிழில் ஒரு விதிவிலக்கும்கூட. குருத்துப்புழு, கருந்தலைப்புழு, இலைச்சுருட்டுப்புழு, கம்பளிப்புழு என்று பயிரை அழிக்கும் பருவத்துக்கே உழவர் பெயரிட்டனர். அறிவியல் பெயர் சூட்டிய சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் ஊசி குத்திய சிறகுகளைப் பார்த்துப் பெயரிட்டார்கள். மூட்டைக்குள் புழு மறைந்திருக்க, சிறகுதான் கண்ணில் படுகிறது. அதனால் அந்தில் மட்டும் இரு தரப்பும் ஒரே பருவத்தைப் பார்த்துவிட்டன.

இன்று உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் அரிசி அந்தை வளர்க்கின்றன. அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணிக்கு இரையாக்கி, பயிர்ப்பூச்சிகளைத் தடுக்கக் கரும்புத் தோட்டத்தில் கட்டுகிறார்கள். அந்த அட்டையை வாங்கும் விவசாயி கேட்பது ‘ஒட்டுண்ணி அட்டை’. அதில் தீவும் இல்லை, அந்தும் இல்லை. வேலை மாறினால் பெயர் மாறுவது பேச்சுவழக்கின் சுதந்திரம். அந்தச் சுதந்திரம் ஏட்டுப் பெயருக்குக் கிடையாது.